காய்ச்சல் வரவில்லை என்றொரு முறைப்பாடு

ஊசி போடுகிறவளின் உத்தியோகம், சுகமாக இருக்கும் வீட்டுக்குப் போய் ஒரு நாள் காய்ச்சலைக் கொடுத்துவிட்டு வருவது. நல்லது செய்யப் போய் வசை வாங்கியவர் நீங்களென்றால், மிச்சத்தை நான் சொல்லாமலே உங்களுக்கு விளங்கும்.

மணியில்லாத சைக்கிள்

சண்டிலிப்பாயில் நான் மருத்துவிச்சியாக இருந்தபோது, என் சைக்கிள் மணி கேட்டால் தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போய்விடுவார்கள். ஒருநாள் மணியைக் கழற்றி மேசையின் இழுப்பு லாச்சிக்குள் போட்டேன்.

அன்று முதலில் நுழைந்தது செல்வராசா வீடு. புகையிலைத் தோட்டக்காரர். கைக்குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்தும் முதலாவது முக்கூட்டு ஊசி போடவில்லை. பக்கத்து ஒழுங்கையில் ஒரு குழந்தை குக்கல் இருமலில் நீலம் பாரித்துக் கிடந்தது. அந்த ஊசி தடுக்கிற நோய்தான் அந்த வருத்தம். ஓட நேரம் கிடைக்காத மனைவி குழந்தையோடு, அடுப்பெரிந்த குசினி வாசலில் நின்றாள். செல்வராசா என் சைக்கிளைச் சுற்றிப் பார்த்தார்.

"மணி அடியாமல் வளவுக்கை வாறது கள்ளனும் நீங்களுந்தான், மிசி."

மிளகாய்க் கன்று

அன்று ஊசி போட விடவில்லை. அடுத்த கிழமை தோட்டத்துக்கே போனேன். செல்வராசா முதுகில் மருந்துத் தாங்கியோடு மிளகாய்க்கு விசிறிக்கொண்டு நின்றார். இலையில் ஒரு பூச்சி இல்லை. "வருத்தமில்லாத கண்டுக்கு மருந்து அடிக்கிறியள், பிள்ளைக்கு மட்டும் ஏன் வேண்டாம்?" என்றேன். கெட்டிக்காரக் கேள்வி என்று எனக்குள் ஒரு நினைப்பு.

"கண்டுக்குக் காய்ச்சல் வராது, மிசி. மூத்தவனுக்கு ஊசி போட்டிட்டு, ஒண்டும் செய்யாது எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டியள். பிள்ளை நெருப்பாக் கொதிச்சது. செத்துப்போகுமெண்டு பயந்து தோளிலை போட்டுக்கொண்டு நடந்தது நான்."

உண்மை. காய்ச்சல் என்றால் ஊசியே வேண்டாம் என்பார்களென்று அந்த ஒரு சொல்லை வீடு வீடாக விழுங்கியவள் நான். வரம்பில் குந்தியிருந்து எல்லாம் சொன்னேன்: காய்ச்சல் வரும், ஒரு நாள் நிற்கும், அதற்கு மருந்து தருவேன், மறுநாளும் விடாவிட்டால் ஆளனுப்புங்கள். அவர் தாங்கியை இறக்கி வைத்தார்.

"இதை அண்டைக்கே சொல்லியிருந்தால் நான் ஏன் உங்களோடை சண்டை கொழுவுறன்?"

வராத காய்ச்சல்

குழந்தைக்கு ஊசி போட்டேன். மறுநாட் காலை செல்வராசா முகம் கறுத்துக் கிளினிக் வாசலில் நின்றார். காய்ச்சல் வரவில்லையாம், அப்படியென்றால் மருந்து பழுதாம்.

போரில் மின்சாரம் நின்று மாதக்கணக்காகியிருந்தது, குளிர் விட்டால் ஊசி மருந்து கெட்டுவிடும், சந்தேகம் நியாயமானதுதான். சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வராமலே ஊசி பிடிக்கும் என்றேன். நம்பவில்லை. மருந்து வைக்கிற குளிர்ப்பெட்டியைத் திறந்து வெப்பமானியைக் காட்டினேன். அதன் அடியில் எரிந்து அதைக் குளிராக வைத்திருக்கும் மண்ணெண்ணெய்ச் சுடரையும் காட்டினேன். குனிந்து நெடுநேரம் பார்த்தார். எண்ணெய் எத்தனை நாளைக்குக் காணும் என்று கேட்டார். நாளை வரைக்கும், அடுத்த பங்கு வர மூன்று நாள் செல்லும் என்றேன்.

பின்னேரம் ஒரு கானோடு வந்தார். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மெசினுக்கென்று வைத்திருந்த மண்ணெண்ணெய். தோட்டம் என்னாகும் என்று கேட்டேன்.

"பொயிலை மூண்டு நாள் பொறுக்கும், மிசி. இவளுக்கு இன்னும் ரெண்டு ஊசி கிடக்கெல்லோ."

இத்தனை வருட உத்தியோகத்தில் என் பெருமையெல்லாம், குக்கல் வராத பிள்ளைகள் போல, நடக்காமற் போன காரியங்களில்தான் இருக்கிறது. அவற்றுக்குச் சாட்சி சொல்லத்தான் ஒருவரும் இல்லை.