‘ஈ’ டிரைவில் இருக்கிறது

தொண்ணூறுகளின் பிற்பாதி. மைசூரில் வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஆய்வேடு டைப் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். ஹார்ட் டிஸ்க்கில் இடம் போதவில்லை. இரண்டாவதாக ஒன்றைப் பொருத்த, மண்டி மொஹல்லாவில் சின்னதாக ரிப்பேர் கடை வைத்திருந்த ஒருவரை வரச் சொன்னேன்.

நான் இயல்பிலேயே சந்தேகப் பிராணி. மார்க்கெட்டில் தக்காளி வாங்கினால்கூடத் தராசுத் தட்டின் அடியில் எட்டிப் பார்ப்பேன். போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டு அம்மாள் வேறு, “நல்ல பார்ட்டைக் கழட்டிக்கிட்டு மட்டமானதை மாட்டிடுவாங்க. கண்ணை எடுக்காதீங்க” என்று ஓதியிருந்தார்.

எனவே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அவர் பின்னாலேயே உட்கார்ந்தேன். அவர் பைக்குள்ளிருந்து நியூஸ் பேப்பரில் சுற்றிய இரண்டு டிஸ்க்குகளை எடுத்தார். ஒன்றுதானே கேட்டோம், இரண்டு எதற்கு? ஒன்று சேராவிட்டால் இன்னொன்று என்றார். என் பழைய டிஸ்க்கை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதிலிருந்து நகக்கண் அளவு எதையோ பிடுங்கி வேறு இடத்தில் செருகினார். எனக்குப் பகீரென்றது.

அந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்கியது. ஓடினேன். வந்ததுதான் வந்தோம் என்று மிக்ஸியில் சட்னியையும் ஓட்டினேன். அறையிலிருந்து அவர் கன்னடத்தில் ஏதோ சொன்னார். காதில் விழாமலே “சரி, சரி” என்றேன். திரும்பி வந்தபோது பெட்டியை மூடித் திருகாணி முடுக்கியிருந்தார். பேப்பரில் சுற்றிய ஒரு டிஸ்க்கைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அவர் போனதும் உட்கார்ந்து, வழக்கம்போல டி டிரைவுக்குப் போனேன். பழைய டிஸ்க்கின் இரண்டாம் பாகம் அது; என் வேலையெல்லாம் அதில்தான். அங்கே ஒரு ஃபைல்கூட இல்லை.

அதில் இருந்திருக்க வேண்டியது ஒரு பெண்ணின் ஆய்வேடு. கைக்குழந்தையை விட்டுவிட்டு, குண்டலுபேட்டையிலிருந்து வாராவாரம் பஸ்ஸில் வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து நான்கு மாதம் வரி வரியாகத் திருத்தியவள். ஃபிளாப்பியில் இரண்டே அத்தியாயம்தான் ஏற்றி வைத்திருந்தேன். அடுத்த வாரம் சமர்ப்பிக்காவிட்டால் பதிவே ரத்து என்று சொல்லிவிட்டார்களாம். அன்று மாலை கடைசித் திருத்தத்துக்கு வருவதாக இருந்தாள். அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

கடைக்குப் போன் செய்தேன். அவர்தான் எடுத்தார். பதறவே இல்லை. “நிம்ம ஃபைல் எல்லா ஈ டிரைவ்னல்லே இதெ அக்கா” என்றார்.

கன்னடத்தில் ‘ஈ’ என்றால் ‘இந்த’. என் ஃபைல் எல்லாம் இந்த டிரைவிலேயே இருக்கிறதாம்! அப்படியானால் என் டிஸ்க் அவர் கையில்! என்ன தைரியம்! ரிசீவரை வைத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

கடையில் வாடிக்கையாளர்கள் மூன்று பேர் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவர், ரிப்பேருக்குக் கொண்டுவந்த கம்ப்யூட்டரை அப்போதுதான் மேசைமேல் வைத்திருந்தார். நான் எதையும் பார்க்கவில்லை. “என் டிஸ்க்கை மாத்தி எடுத்துட்டு வந்துட்டு எங்கிட்டயே சொல்றியா? பையைத் திற!” என்று என் அரைகுறைக் கன்னடத்தில் கத்தினேன். அவர் பையைக் கவிழ்த்தார். ஸ்க்ரூ டிரைவர், பிரஷ், சித்ரான்னம் இருந்த டிபன் டப்பா, பேப்பரில் சுற்றிய டிஸ்க். அதைப் பிரித்துக் காட்டினார். அது என்னுடையதுதானா என்றுகூட எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் விடாமல், அவரை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தேன்.

நின்றபடியே ‘E’ தட்டி, பக்கத்தில் இரட்டைப் புள்ளி வைத்து என்டரை அழுத்தினார். அத்தியாயம் ஒன்று முதல் ஏழு வரை திரையில் வரிசையாக இறங்கின.

“ஈ அந்த்ரெ ஏ, பி, சி, டி, ஈ அக்கா” என்றார். ‘இந்த’ இல்லை, ஆங்கில எழுத்து! புது டிஸ்க் வந்ததும் டி என்ற எழுத்து அதற்குப் போய்விடுமாம், பழைய டி தானாகவே ஈ ஆகிவிடுமாம். நகக்கண் அளவு பிடுங்கிச் செருகியது, இரண்டு டிஸ்க்கும் சேர்ந்து ஓடுவதற்கான ஜம்பராம். மிக்ஸி ஓடியபோது அவர் சொன்னது இதைத்தான். நான்தான் “சரி, சரி” என்றிருக்கிறேன்.

வெட்கத்தில் குன்றிப்போனேன். மன்னிப்புக் கேட்டு, காபி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். “பேட அக்கா, அங்கடியல்லி யாரூ இல்லா” என்று, கடையில் ஆளில்லை என்பதால் வேண்டாமென்று வேகமாகக் கிளம்பினார். பாவம், கடையைப் போட்டது போட்டபடி என்னோடு வந்திருக்கிறார்.

சாயங்காலம் அந்தப் பெண் வந்தாள், திருத்தினாள், சந்தோஷமாகப் போனாள். அவளுக்கு எதுவும் தெரியாது. மறுநாள் இனிப்பு வாங்கிக்கொண்டு கடைக்குப் போனேன். அவர் சிரித்தபடி வாங்கிக்கொண்டார். மேசை காலியாக இருந்தது. நேற்று ரிப்பேருக்கு வந்த கம்ப்யூட்டர் எங்கே என்று கேட்டேன். நாங்கள் கிளம்பியதுமே அந்த ஆள் அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாராம்.

என் மன்னிப்பை இவர் ஏற்றுக்கொண்டார். ஆனால் நான் கத்தியதை மட்டும் கேட்டுவிட்டுப் போன அந்த மனிதரைத் தேடிப்பிடித்து, ‘அவர் திருடர் இல்லை, எனக்குத்தான் ஓர் எழுத்து புரியவில்லை’ என்று சொல்ல இன்றுவரை எனக்கு வழி கிடைக்கவில்லை.