கண்ணாடி மேசை நின்ற சுவர்

ஓனோதெரா கானெயூகி எங்கள் ஓவியக்கூடத்துக்கு முதலில் வந்தது ஏணியோடு. சுவருக்குக் காகிதம் ஒட்டிவிட்டுப் போனார். மறுபடி வந்தபோது முழங்காலில் பட்டை சுற்றியிருந்தது. எனக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்தார்.

வேறொரு வீட்டில் வேலை செய்கையில் ஏணி சரிந்து முழங்கால் போயிற்று. இனி ஏணி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடம் முடித்த கையோடு சுவர்க் காகிதத் தொழிலுக்கு வந்த மனிதர், நாற்பது தாண்டிய பிறகு வேறு என்ன வேலைக்குப் போவார்?

நாங்கள் சென்செய் என்று கூப்பிடும் கஷிவாகி அம்மையார் மாத இதழ் ஒன்றில் மாங்கா என்கிற ஜப்பானியச் சித்திரக்கதைத் தொடர் வரைந்துகொண்டிருந்தார். பின்னணி வரைய மசூயோ அக்கா, டோன் ஒட்ட நான். என் ஒருவனால் மாளவில்லை.

"நம்ம சுவத்துல காகிதம் எங்க சேருதுன்னு இன்னைக்கு வரைக்கும் என் கண்ணுக்குத் தெரியல. அந்த மனுஷனக் கூப்பிடு" என்றார் சென்செய். வந்தவரிடம் கறாராகவே பேசினார்: "இந்த அத்தியாயம் அச்சுக்குப் போற வரைக்கும் பாப்போம். சரிப்பட்டா இருங்க. இல்லன்னா மனசுல வச்சுக்காதீங்க."

டோன் என்பது பொடிப் பொடியாகக் கறுப்புப் புள்ளி அச்சடித்த மெல்லிய ஒட்டுத் தாள். மாங்காவில் சாம்பல் நிறமாகத் தெரிகிற பள்ளிச் சீருடை, மழை மேகம், கன்னத்து வெட்கம் எல்லாம் அந்தப் புள்ளிகள்தான். படத்தின் மேல் தாளை வைத்து, கோட்டோடு கோடாக வெட்டி, தேய்த்து ஒட்ட வேண்டும். கீழே இருக்கும் படத்தில் கத்தி படக் கூடாது. நான் யமகாதாவில் ஆப்பிள் தோட்டக்காரர் மகன். எங்கள் வம்சத்தில் பல்கலைக்கழகப் பட்டம் வாங்கிய முதல் ஆள், அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. இந்த வெட்டு கைக்கு வர எனக்கு ஒரு குளிர்காலம் பிடித்தது. ஓனோதெரா ஒட்டியதில் முதல் நாளே குமிழியும் இல்லை, சுருக்கமும் இல்லை.

ஆனால் ஒட்டுவது பாதி வேலைதான். ஒட்டியதைக் கத்தி முனையால் இலேசாகச் சுரண்ட வேண்டும். புள்ளிகள் மெலிந்து மறைகிற இடத்தில் வெளிச்சம் வரும். மேகத்தின் ஓரமும் தேநீரின் ஆவியும் அப்படித்தான் பிறக்கின்றன.

"ஒட்டினத சுரண்டறதா? தம்பி, அப்படிச் செஞ்சா எந்த வீட்லயாவது கூலி குடுப்பானா?"

"அண்ணே, இது சுவர் இல்ல, மேகம்."

மனமில்லாமல் சுரண்டினார். சுவர்க் காகிதக்காரரின் கை, பூப்போட்ட வரிசையை விட்டு விலகாத கை. புள்ளி வரிசையைப் பிடித்துக்கொண்டே போனார். வரிசை வரிசையாகப் புள்ளிகள் போய், மேகத்தில் பட்டை பட்டையாக வெள்ளை விழுந்தது.

மசூயோ அக்கா எட்டிப் பார்த்தார். "அடடா, வானத்துல வரிக்குதிரை மேயுதே!"

ஓனோதெராவும் சேர்ந்துதான் சிரித்தார். காது மட்டும் சிவந்துவிட்டது. வரிசைக்குச் சாய்வாகக் கத்தியை ஓட்டவேண்டும் என்று காட்டினேன். அன்று முதல் மதிய இடைவேளையில் ஒரு கையில் சோற்றுருண்டை, மறு கையில் கத்தி. குப்பையில் கிடந்த டோன் துண்டுகளில் பழகினார். சுரண்டிய துணுக்குகள் சட்டையிலும் காலுறையிலும் ஒட்டிக்கொண்டு வீடு வரை போகும்.

"என் பொண்டாட்டி என்ன சொல்றா தெரியுமா? 'முன்னெல்லாம் பசை நாத்தத்தோட வருவே, இப்ப அம்மை போட்ட மாதிரி வர்றே'ங்கறா."

சாய்வு பிடிபட்டது. துணிச்சல்தான் வரவில்லை. மேகத்தின் ஓரத்தைத் தொட்டுவிட்டுக் கத்தியை எடுத்துவிடுவார். ஒரு நாள் சமையலறையில் சென்செய் என்னிடம் சொன்னார்: "கை தங்கமான கைதான். ஆனா எல்லாத்தையும் மூடிடுறாரு, வெளிச்சமே விட மாட்டேங்கறாரு. அடுத்த மாசத்துக்கு வேற ஆளப் பாக்கணும் போல." காகிதக் கதவுக்கு அந்தப் பக்கம் ஓனோதெராவின் கத்திச் சத்தம் நின்றது.

கடைசிப் பக்கங்கள் கொடுக்கும் நாள் வந்தது. பத்திரிகை ஆசிரியர் ரயில் நிலையத்திலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, வந்துகொண்டிருப்பதாகச் சொல்லிவிட்டார். ஓனோதெரா கையில் ஒரே ஒரு பக்கம். கதையில் பள்ளி விட்டு வருகிற பெண், அம்மா வீட்டை விட்டுப் போய்விட்டதைக் காண்கிறாள். வெறும் அறை, வெறும் சுவர். பேச்சுக் குமிழியில், 'அம்மா தலை சீவுற கண்ணாடி மேசையக் கூட எடுத்துட்டுப் போயிட்டாங்க.'

சுவருக்கு ஒரே சீராக டோன் ஒட்டி முடித்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. கொடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சென்செய், இந்த வீட்டு அப்பா சிகரெட் குடிப்பாரா?"

"ஊதித் தள்ளுவாரு. ஏன்?"

"அந்த மேசை எங்க நின்னுச்சு?"

"சன்னலுக்கு இந்தப் பக்கம்."

கத்தியை எடுத்தார். சுவரின் நடுவில் வைத்தார்.

"அண்ணே, வேணாம்! ஆசிரியர் வந்துட்டே இருக்காரு" என்றேன். காதில் வாங்கவில்லை. புள்ளி வரிசைக்குச் சாய்வாக, பூப்போல, ஆனால் நிறுத்தாமல் சுரண்டினார். கீழே ஒரு செவ்வகம் வெளுத்தது. அதற்கு மேல் தலைப்பக்கம் வளைந்த கண்ணாடியின் வடிவம். மேசை இல்லாத இடத்தில் மேசை நின்றது.

துணுக்கை இறகால் தட்டிவிட்டுச் சொன்னார்: "பழைய காகிதம் உரிக்கிறப்போ வீட்டுக்கு வீடு பாத்திருக்கேன். புகையிலயும் வெயில்லயும் சுவரெல்லாம் பழுத்துரும். சாமான் நின்ன இடம் மட்டும் அப்படியே புதுசா இருக்கும்."

சென்செய் தாளைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு வெள்ளை மையைத் தொட்டு, அந்தப் பேச்சுக் குமிழியை முழுவதுமாக அழித்தார். ஊதி உலர்த்தி, பக்கத்தை ஓனோதெரா பக்கம் தள்ளினார்.

"பேச்சு வேணாம். இந்த எடத்துக்கும் டோன் ஒட்டுங்க. ஒட்டு தெரியக் கூடாது."

"தெரியாது" என்றார் ஓனோதெரா. வாசலில் மணி அடிப்பதற்குள் ஒட்டிவிட்டார். குமிழி எங்கே இருந்தது என்று தெரிந்த எனக்கே தெரியவில்லை.

ஆசிரியர் உறையோடு கிளம்பிப் போனதும் சென்செய் கை கழுவிக்கொண்டே, "அடுத்த அத்தியாயம் முழுக்க மழை, ஓனோதெரா. மேகம் நிறைய இருக்கும்" என்றார்.

"வரிக்குதிரைய வீட்ல கட்டிப் போட்டுட்டு வாங்க" என்றார் மசூயோ அக்கா.

ஓனோதெரா குனிந்து காலுறையில் ஒட்டியிருந்த புள்ளிகளைப் பிய்க்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தி, "இருக்கட்டும், வீட்ல அவ பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.