ஆறுதலாப் பாருங்கோ

ஸ்காபரோவில் நாங்கள் 'எங்கட பிளாசா' என்று சொல்லிக்கொள்வது ஒரு தட்டைக் கூரைக் கட்டடத்தையும் அதன் முன்னாலுள்ள குண்டும் குழியுமான கார் தரிப்பிடத்தையும்தான். நகைக்கடை, சேலைக்கடை, மரக்கறிக்கடை, கொத்துரொட்டி போடுகிற ரேக்அவுட் சாப்பாட்டுக்கடை, ஒரு பல் வைத்தியர், கடைசி மூலையில் மீன்கடை. லண்டனிலிருந்தோ பாரிசிலிருந்தோ சொந்தக்காரர் வந்தால் நயாகராவுக்குக் கொண்டுபோவதற்கு முதல் இங்கேதான் கொண்டுவருவோம். அவர்கள் காரைவிட்டு இறங்கிப் பெயர்ப்பலகைகளை அண்ணாந்து பார்த்துவிட்டு, இங்கே இங்கிலிஸ் தெரியாமலே சீவிக்கலாம் போலிருக்கிறதே என்பார்கள். எங்களுக்கு உச்சி குளிர்ந்துவிடும். அதைக் கேட்கத்தானே கூட்டிக்கொண்டு வந்தோம்.

இப்போது யாராவது அப்படிச் சொன்னால் நான் பேச்சை மாற்றிவிடுகிறேன். காரணம் மீன்கடை அக்கா.

அக்கா தீவுப்பகுதி ஆள், வேதக்காரர். கல்லாப்பெட்டிக்கு மேலே அந்தோனியார் படமும் அதற்கு ஒரு சிவப்பு மின்குமிழும் இருக்கும். புருஷன் இறந்த பிறகு தனியாகவே கடையை நடத்தினார். மோர்னிங்சைட்டிலிருந்து பஸ் பிடித்து வந்து, காலை எட்டுமணிக்கே ஐஸை உடைத்துக் கொட்டிக்கொண்டு நிற்பார். யார் வீட்டுக்கு எப்படி வெட்டவேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். எங்கள் வீட்டுக்கு விளைமீன் என்றால் தலையை இரண்டாகப் பிளந்து கன்னத்துச் சதை சிதையாமல் தனியாகச் சுற்றித் தருவார். நான் ஒருநாளும் கேட்டதில்லை. புதிதாக வருகிறவர்களிடம் மட்டும் "குழம்புக்கோ, பொரியலுக்கோ?" என்று கேட்பார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் எண்ணிப் பத்துச் சொல் வரும், அதில் பாதி மீன்களின் பெயர். அந்தப் பிளாசாவுக்குள் அதற்குமேல் தேவைப்படவில்லை.

ஒரு மார்கழி மாதச் சனிக்கிழமை, கைகளைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வெளியே வந்து ஒரு கடித உறையை நீட்டினார்.

"தம்பி, பிளாசாக்காரர் அனுப்பியிருக்கினம். இங்கிலிசில கிடக்கு. அவசரமில்லை, ஆறுதலாப் பாருங்கோ."

என்னிடம் தந்ததற்குக் காரணம் உண்டு. நான் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் வேலை செய்கிறேன், கழுத்துப்பட்டி கட்டுகிறேன், கூட்டங்களில் பேசுகிறேன். மெத்தப் படித்த ஆள் என்று ஊர் நம்புகிறது, நானும் அதை மறுத்ததில்லை. "ஓம் அக்கா, ஆறுதலாப் பாத்துச் சொல்லுறன்" என்றேன்.

எங்கள் ஆட்களின் பேச்சில் 'ஆறுதலாக' என்றால் மெதுவாக, நேரமெடுத்து என்று பொருள். ஆனால் உதவி கேட்கிறவர் அந்தச் சொல்லைச் சொல்லும்போது அதற்கு அந்தப் பொருளே கிடையாது. எனக்கு வேறு ஆளில்லை, இன்றைக்கே பார்த்தால் புண்ணியம், உங்களைக் கரைச்சல்படுத்தத்தான் வெட்கமாக இருக்கிறது என்று பொருள். அது எனக்குத் தெரியாதா? ஐம்பத்திரண்டு வருடமாக இந்தப் பாஷைக்குள்தான் கிடக்கிறேன். இருந்தும் அன்றைக்கு அகராதிக்காரன்போல அப்படியே எடுத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

உறையில் மீன் மணத்தது. என் பைக்குள் பொங்கல் விழாவுக்கு எழுதிக்கொண்டிருந்த உரையின் தாள்கள் இருந்தன. அவற்றில் மணம் பிடித்துவிடக்கூடாதென்று கடிதத்தைப் பையின் வெளிப்பக்க அறைக்குள் தனியாக வைத்துச் சிப்பை இழுத்துப் பூட்டினேன்.

பிளாசாப் பொங்கலுக்கு நான்தான் செயலாளர். தை மாதம் இங்கே தமிழ் மரபுத் திங்கள் என்பதால் ஒவ்வொரு பிளாசாவும் மற்றதை முந்தப் பார்க்கும். எங்கள் கடைகளின் பெருமையைப் பற்றி நான் பத்து நிமிடம் பேசுவதாக ஏற்பாடு. அந்தப் பத்து நிமிடத்துக்கு மூன்று கிழமை உழைத்தேன். ஒரு சொல்லை மாற்றுவதும், மனைவிக்கு வாசித்துக் காட்டுவதும், அவள் கொட்டாவி விட்டால் கோபிப்பதுமாக இருந்தேன். ஒருநாள் அவள் இடையில் மறித்து, மீன்கடை அக்காவின் கடிதம் என்னவாம் என்று கேட்டாள். பொங்கல் முடியட்டும் என்று எரிந்து விழுந்தேன்.

அக்கா கேட்கவில்லை. உதவி கேட்டுவிட்டு மறுபடி நினைவூட்டுவது அவர் வளர்ந்த முறையில் மரியாதைக்கேடு. அதற்குப் பதிலாக ஒவ்வொரு சனிக்கிழமையும் என் பொதியோடு ஒரு கடதாசிச் சரை நெத்தலியோ நாலு இறாலோ சேர்ந்து வந்தது. அன்பு என்று நினைத்து வாங்கிக்கொண்டேன். ஒருமுறை என் முகத்தைப் பார்த்து, பொங்கல் வேலைகள் கூடவோ என்று கேட்டார். அவரால் கேட்க முடிந்தது அவ்வளவுதான். நான் மேடை, பதாகை, நாதஸ்வரக்காரர் என்று கால்மணி நேரம் அளந்துவிட்டு வந்தேன்.

பொங்கல் அன்று மூக்கு நுனி மரத்துப்போகிற குளிர். பானையை மீன்கடைக்குப் பக்கத்தில் வைப்பது சரியில்லை என்று குழுவில் இரண்டு பேர் மூக்கைச் சுளித்ததால், அடுத்த அந்தத்தில், நகைக்கடைக்கு முன்னால் வைத்தோம். ஆனால் மைக்குக்கு மின்சாரம் மீன்கடையிலிருந்துதான் வந்தது. மற்றவர்கள் தங்கள் கண்ணாடிக் கதவைத் திறந்து வைக்க விரும்பவில்லை, சூடு போய்விடுமாம். அக்கா திறந்து வைத்தார். நீளமான வயர் அவருடைய கதவிடுக்கால் வந்து, பனியைக் கடந்து, என் வாய்வரைக்கும் வந்தது. காஸ் அடுப்பைக் காற்று அணைத்து அணைத்துப் பால் பொங்க ஒரு மணித்தியாலம் எடுத்தது. கடைசியில் மீன் வந்த அட்டைப்பெட்டிகளைத்தான் வாங்கி வந்து சுற்றிவர மறைப்புக் கட்டினோம். அதற்கு யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை.

என் உரை எடுபட்டது. "இந்த வளாகத்துக்குள் ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் தெரியாமல் ஒரு மனிதர் தலைநிமிர்ந்து வாழ்ந்துவிடலாம். இது எங்கள் மொழிக்கு நாங்கள் கட்டிய வீடு" என்றபோது கையுறை போட்ட கைகள் பொத்துப் பொத்தென்று தட்டின. அக்கா ரப்பர் ஏப்ரனோடு தன் கடை வாசலில் நின்று தட்டியதைப் பார்த்தேன். அந்த நேரம் பை என் தோளில்தான் தொங்கியது.

மாசியில் ஒரு காலை, ஸ்னோ கொட்டி பஸ் வரவில்லை. விரல்கள் விறைக்க, பழைய கையுறை ஏதாவது கிடக்குமா என்று பையின் வெளியறையைத் துழாவினேன். உறை கையில் பட்டது. பஸ் தரிப்பிடத்தில் நின்றபடியே உடைத்து வாசித்தேன். இரண்டு பந்திதான். கடையின் லீஸ் சித்திரையோடு முடிகிறது. இன்னும் ஐந்து வருடம் தொடர விரும்பினால் கீழே கையெழுத்திட்டுத் தை முடிவதற்குள் திருப்பி அனுப்பவும். அனுப்பாவிட்டால் இடம் வேறு ஆளுக்குக் கொடுக்கப்படும். கையெழுத்துக்குக் கோடுகூடப் போட்டிருந்தது. தை முடிந்து ஒன்பது நாள்.

அங்கிருந்தே தொலைபேசி எடுத்தேன். மறுமுனையில் பேசிய பெண் பொறுமையாகக் கேட்டாள், கணினியில் பார்த்தாள், இடம் போன கிழமை கொடுபட்டுவிட்டது என்றாள். மன்னிக்கவேண்டும் என்றும் சொன்னாள். அவளில் ஒரு குற்றமும் இல்லை. நான் பஸ்ஸை இரண்டு தரம் விட்டுவிட்டு தரிப்பிடத்தின் கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தேன்.

பின்னேரம் கடைக்குப் போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன். வழி முழுக்க, நான் மறந்துபோனேன், நான்தான் பிழை என்று பாடமாக்கிக்கொண்டு போனேன். வாயிலிருந்து வந்தது வேறு.

"அக்கா, அந்தக் கடிதம் பிந்திப் போச்சு."

தமிழ் எனக்குச் செய்த உபகாரம் அது. கடிதம் தன்பாட்டில் நடந்து போய்ப் பிந்திவிட்டது போல. யார் பிந்தினார் என்று அந்த வசனத்தில் இல்லை. அக்காவும் கேட்கவில்லை. கத்தி மீனின் முதுகில் அப்படியே நின்றது.

"அப்ப இனி ஒண்டும் செய்யேலாதோ?"

"கேட்டுப் பாத்திட்டன் அக்கா. ஏலாதாம்."

அவர் அந்த மீனை வெட்டி முடித்தார். பிறகு எனக்குப் பின்னால் நின்ற ஆளைப் பார்த்து, குழம்புக்கோ பொரியலுக்கோ என்று கேட்டார்.

செய்தி பரவியதும் பிளாசாவே கொதித்தது. எங்கட கடையில் கை வைப்பதா என்று எழும்பினார்கள். கட்டடக்காரரைத் திட்டினார்கள். மனு எழுதத் தீர்மானம் வந்தது, எழுதுவதற்கு ஆள் தேடவேண்டி இருக்கவில்லை. நான் எழுதினேன். இரண்டு பாஷையிலும் எழுதினேன். இனிப்புக்கடையில் வைத்து நூற்றுக்கணக்கான பேர் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். தையில் அக்காவின் ஒரு கையெழுத்தே போதுமாக இருந்தது. மனுவுக்குப் பதில் வரவில்லை. நல்லாய் எழுதினீங்கள் என்று என்னை மட்டும் பாராட்டினார்கள். அக்கா ஒருவரிடமும் என்னைப் பற்றி வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் நான் அந்தப் பக்கம் தலைகாட்டியிருக்க முடியாது. இன்றைக்கும் எனக்கு அங்கே நல்ல பெயர்தான். அடுத்த பொங்கலுக்கும் என்னையே பேசச் சொல்கிறார்கள்.

பங்குனிக் கடைசியில் போனபோது குளிர்ப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். வெளியே இன்னும் அழுக்குப் பனி மலையாகக் குவிந்து கிடந்தது. உள்ளே அந்தோனியாரைத் துவாயில் சுற்றிக் கதிரையில் வைத்திருந்தார். அடுத்த மாதம் பெரிய சுப்பர்மார்க்கெட் ஒன்றில் மீன் வெட்டப் போகிறாராம். அங்கே துண்டுகளை இயந்திரத்தின் அளவுக்கு வெட்டவேண்டுமாம், ஆரும் ஆரோடும் கதைப்பதில்லையாம். சொல்லிவிட்டு ஏப்ரன் பொக்கற்றிலிருந்து ஓர் உறையை எடுத்தார்.

"தம்பி, இன்னுமொண்டு வந்திருக்கு."

இந்த முறை அவர் 'ஆறுதலா' என்று சொல்லவில்லை. நான் அங்கேயே நின்று உறையைக் கிழித்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். எந்த நாளுக்குள் வெளியேறவேண்டும், தரையைக் கழுவி விடவேண்டும், கதவைப் பூட்டித் திறப்புகளை எந்தப் பெட்டிக்குள் போடவேண்டும். அவர் பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"முடிஞ்சுதோ?"

"ஓம் அக்கா. அவ்வளவுதான்."

அவர் சுவர் மணிக்கூட்டை நிமிர்ந்து பார்த்தார். குரலில் கோபமில்லை. ஒரு கணக்கைச் சரிபார்த்துக்கொள்கிறவர்போலத்தான் சொன்னார்.

"ரெண்டு நிமிசம் கூட எடுக்கேல்லை."