‘போட்டு வாறன்’ என்ற சொல்

கொக்குவிலில் என்னை அறியாதவர் குறைவு. பௌதிகவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். பழைய மாணவர் கூட்டத்தில் விண்வெளிப் பயணம் பற்றி உரையாற்ற அழைக்கப்பட்டிருந்தேன். அதற்கு முன், விண்கலத்தை உண்மையில் ஓட்டுவதுபோலவே திரையில் ஓட்டிப் பழகும் கணினிச் செயலியைக் கற்க, கல்லூரித் தோழன் சிவத்திடம் சென்றேன்.

"நான் பழகுவது ஒருவருக்கும் தெரியக்கூடாது."

"நான் ஆருக்கடாப்பா சொல்லப்போறன்?" என்றான்.

சமன்பாடுகள் அறிந்த எனக்குக் கலம் அடங்கவில்லை. பலமுறை கடலில் வீழ்ந்தது. ஒருவாறு மேலெழுந்து, திரையில் பூமி வளைந்து சிறுத்தபோது, போய்விட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிப் புறப்படுவதுபோல, என்னையறியாமல் "போட்டு வாறன்" என்றேன். சிவம் சிரிக்கவில்லை. அதனால் அவனை மேலும் நம்பினேன்.

கூட்டத்தில் நான் பேச எழுமுன், கைத்தொலைபேசியில் களவாகப் பிடித்திருந்த அக்காட்சியை அவன் பெருந்திரையில் ஓடவிட்டான்.

"வாத்தியார் உண்மையாவே சந்திரனுக்கு வெளிக்கிட்டிட்டார். பயத்திலை அழுதும் போட்டார்," என்றான்.

மண்டபம் சிரித்தது. அதன்பின் என் உரையை எவரும் செவிமடுக்கவில்லை.

சிரித்தவர்கள்மீது எனக்கு வருத்தமில்லை. நான் பழகிய அன்று அருகிலிருந்தவன் சிரிக்காமல் இருந்ததைத்தான் மறக்க முடியவில்லை.

நான் அழவில்லை. பயந்தும் அச்சொல்லைச் சொல்லவில்லை. எங்கள் வீடுகளில் எவரும் ‘போறன்’ என்று சொல்லிப் புறப்படுவதில்லை.