மறுபடி உறைந்த இறால்

கெட்டுப்போன இறாலை என் மாமியாருக்குச் சமைத்துப் போட்டவள் நான். தெரிந்தே போட்டேன். யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

சென்ற ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்க என் கணவர் மாலை போட்டிருந்தார். விரத வீட்டில் கவுச்சி ஆகாது என்று அத்தை பாத்திரங்களைக்கூட மாற்றிவிட்டார். ஆனால் அதற்கு முன்பே நான் அரக்கோணத்தில் வாங்கிய ஒரு கிலோ இறால் ஃப்ரீசரில் இருந்தது. உரித்து, நரம்பெடுத்து, டப்பாவில் மூழ்கத் தண்ணீர் விட்டு உறைய வைத்தது. எறிய மனம் வரவில்லை. பால் பாக்கெட்டுகளுக்குப் பின்னால் ஒளித்தேன்.

தெரு டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகி ஒன்றரை நாள் கரண்ட் இல்லை. டப்பாவைத் திறந்தேன்... ஐஸ் கரைந்து, இறால் வெதுவெதுத்த நீரில் மிதந்தது. வாடை மூக்கில் ஏறியது. அப்போதே கொட்டியிருக்க வேண்டாமா? எங்கே கொட்டுவேன்! குப்பையில் போட்டால் வாடையே காட்டிக்கொடுத்துவிடும். விரதத்தைக் கெடுத்தவள் என்ற பேர் வருமே என்று மூடி உள்ளேயே வைத்தேன். கரண்ட் வந்ததும் அது மறுபடி கட்டியானது. பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

விரதம் முடிந்த மூன்றாம் நாள் அத்தையே அந்த டப்பாவைப் பார்த்துவிட்டார். நேற்று வாங்கினேன் என்று என் வாய் தானாகச் சொன்னது. அப்படியானால் இன்றைக்கே தொக்கு வை என்றார்.

மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டேன். கணவர் வேலைக்குப் போயிருந்தார். திருவிழாவுக்கு வந்திருந்த நாத்தனாருக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. நானோ வயிறு சரியில்லை என்று மோர்ச்சோறு சாப்பிட்டேன்... என்னைப் புரிந்துகொண்டீர்களா?

மாலைக்குள் அத்தைக்கு வாந்தி, பேதி. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் சலைன் ஏறியது. ஒருமுறை நினைவே தப்பியது. கணவர் இறாலைப் பற்றித்தான் முதலில் கேட்டார். புதுசு என்றேன். கண்விழித்த அத்தை, விரதத்தில் யாரோ கவுச்சி தொட்டிருக்கிறார்கள், முருகன் தண்டித்துவிட்டான் என்றார். சொல்லிவிடலாமா...

அதற்குள் நாத்தனார் அழுதாள். “நான்தாம்மா. ஸ்டேஷன்ல பசி தாங்காம முட்டை பப்ஸ் துன்னுட்டேன்.”

உயிர் பிழைத்ததுபோல் மூச்சு விட்டேன், பாவி! ஐந்து வருடம் ஆடிக் கிருத்திகைக்குச் சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் மலைப்படி ஏறுவதாக அவள் வேண்டிக்கொண்டாள்.

நாளை ஆடிக் கிருத்திகை. அவளுக்கு ஏழாம் மாதம். படியே ஏறக்கூடாது என்று டாக்டர் கண்டித்திருக்கிறார். அத்தையும் தடுத்துப் பார்த்தார். வேண்டுதலை விட்டால் இந்த முறை தண்டனை குழந்தைக்கு வந்துவிடும் என்கிறாள். நான் உண்மையைச் சொன்னால் நின்றுவிடுவாள். எனக்கு அது தெரியும்.

சற்றுமுன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க பின்னாலயே வாங்க அண்ணி. தலை சுத்துனா புடிச்சிக்கணும்.”

“ஆங், வரேன்” என்றேன்.