அவனுக்கு ஓடும், எனக்கு ஓடாது

புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவர்களே, உங்களுக்குத் தெரியும்: நம் கணினியில் ஓடாத புரோகிராமைவிட, அதே புரோகிராம் பக்கத்து மேசையில் ஓடுவதுதான் பெரிய வயிற்றெரிச்சல்.

என் பக்கத்து மேசைக்காரன் நிரோஷன். கொழும்பில், கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவன். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் வாடகை அறையில் இருந்தேன். சண்டைக் காலம். எங்கள் இருவரில் ஒருவரைச் சிங்கப்பூருக்கு அனுப்பப்போவதாக முதலாளி சொல்லியிருந்தார். எனக்கு அது வேண்டும், வேண்டவே வேண்டும்.

கைராசி

எங்கள் புரோகிராம் விலைப்பட்டியலைத் தேடி 'டேட்டா' என்ற ஃபோல்டருக்குள் போகும். அந்த 'டேட்டா' எங்கே இருக்கிறது, எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று புரோகிராம் கோட்டில் ஒரு வார்த்தை இல்லை. நிரோஷன் எடிட்டரில் புரோகிராமை ஓட்டிப் பார்க்கும் டிபக் பொத்தானை அமத்தினால் பட்டியல் வந்து நிற்கும். நான் அமத்தினால் 'கோப்பைக் காணவில்லை'.

ஒரே கோட், ஒரே எடிட்டர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெட்கத்தை விட்டு அவனையே கூப்பிட்டுக் காட்டினேன். திரையைப் பார்த்துத் தலையைச் சொறிந்துவிட்டுச் சொன்னான்: "உன்ர கைராசி அப்பிடி, மச்சான்!"

முழு விலாசம்

கைராசியை நம்பினால் சிங்கப்பூர் போக முடியாது. கோட்டுக்குள் முழு விலாசத்தையும் எழுதிவிட்டேன்: சி டிரைவ், அதற்குள் 'நேசன்' என்ற என் ஃபோல்டர், அதற்குள் டேட்டா. உடனே ஓடியது. அன்று நிரோஷனுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். அவ்வளவு சந்தோஷம்.

அப்படியே கொண்டுபோய்ப் புறக்கோட்டையில் ஒரு புடைவைக் கடையில் போட்டேன். அங்கே 'நேசன்' ஃபோல்டருக்கு எங்கே போவது? திரை நிறைய என் பெயரோடு எரர். கடைக்கார நானா பயந்தே போனார்: "தம்பி, எங்கட மெசின்ல ஒங்கட பேரு ஏன் வருது? ஆமி செக்கிங் வந்தா எனக்குத்தானே சிக்கல்!"

கொஹே இந்தலத?

அன்று பின்னேரம் நானும் நிரோஷனும் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டுச் சோதனைச்சாவடியில் நின்றோம். "கொஹே இந்தலத என்னே?" என்று பொலிஸ்காரர் சிங்களத்தில் கேட்டார். எங்கிருந்து வருகிறாய் என்ற அந்தக் கேள்விக்கு நிரோஷன் "ஒஃபிஸ் எகே இந்தலா", கந்தோரிலிருந்து என்றான். விட்டுவிட்டார்கள். என்னைக் கேட்டதும் வாய் தானாக "யாப்பனே", யாழ்ப்பாணம் என்றது.

பிறகென்ன, யாழ்ப்பாணம் என்றாலே சந்தேகம்தான்; என் அடையாள அட்டை கை மாறிக் கை மாறிப் போனது. நிரோஷன் போகாமல் மழையில் நனைந்தபடி எனக்காகக் காத்து நின்றான். அவனில் பொறாமைப்படுகிறவனுக்கு இதைவிடத் தண்டனை வேண்டுமா? கடைசியில் என்னை விட்டபோது கேட்டான்: "இப்ப எங்கயிருந்து வாறாய் எண்டுதானே கேட்டவர்? நீ ஏன்டா பிறந்த இடத்திலயிருந்து தொடங்கினனீ?"

சும்மா செய்தது

அந்தக் கேள்வியோடு படுத்தவன், விடிந்ததும் கந்தோருக்கு ஓடினேன். நான் எடிட்டரை டெஸ்க்டொப் ஐகனால் திறக்கிறேன். அதனால் அது தான் பிறந்த, அதாவது எடிட்டரை நிறுவிய, ஃபோல்டரில் நின்றுகொண்டு டேட்டாவைத் தேடுகிறது. நிரோஷனோ எங்கள் புரோகிராம் இருக்கும் ஃபோல்டருக்குள் போய்க் கோட் கோப்பையே டபுள் கிளிக் பண்ணுகிறான். அவனுடைய எடிட்டர் டேட்டாவின் வாசலில் நின்று தேடுகிறது.

எடிட்டர் செற்றிங்கில் தொடங்கும் ஃபோல்டர் எது என்று எழுத ஓர் இடம் இருந்தது. கோட்டிலிருந்த முழு விலாசத்தை அழித்துவிட்டு அங்கே எழுதினேன், ஓடியது. கந்தோரில் இருந்த எல்லா மெசினிலும் எழுதிவிட்டேன். இவ்வளவு காலமும் எது தன்னைக் காப்பாற்றியது என்று நிரோஷனுக்கு விளக்கினேன். அவன் வாயைப் பிளந்தான்: "அப்பிடியே மச்சான்? நான் சும்மா கிளிக் பண்ணினனான்!"

சிங்கப்பூர்

இனி எனக்குத்தான் என்று முதலாளியின் அறைக்குப் போனேன். அவர் என்னை இருத்தி, கோப்பி வரவழைத்து, வாய் நிறையப் புகழ்ந்தார். பெட்டியை எப்போது கட்டுவது என்று கணக்குப் போட்டேன். பிறகு சொன்னார்: "தம்பி, நிரோஷன் போயிட்டு வரட்டும். நீர் போனால் இங்க ஆர் இதெல்லாம் திருத்துறது?"

பிழை திருத்தத் தெரிந்தவனுக்கு மேசை, தெரியாதவனுக்கு விமானம் என்பதுதான், என்னைப் போல வெந்தவர்களே, நம் தொழிலின் நீதி.