எக்ஸ்ரே ஒட்டிய அலமாரிகள்

எங்கள் நூலகத்தின் வரலாற்று அலமாரியில் என் அப்பாவின் முழங்கால் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு என்னிடம்தான் வந்து கேட்பார்கள். பழைய எக்ஸ்ரே தாளைச் சிறு பட்டைகளாக நறுக்கி, வெள்ளை பெயின்ட் அடித்த ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் ஒட்டியிருக்கிறோம். உற்றுப் பார்த்தால் ஒன்றில் முட்டி எலும்பு தெரியும், இன்னொன்றில் எங்கள் வாட்ச்மேனின் விலா எலும்பு. தடவிப் பார்த்தால் பிரெயில் புள்ளிகள். அந்த எழுத்து தெரிந்த விரல்களுக்கு அது "இந்திய வரலாறு" என்று சொல்லும். நாகலூர் எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரத்தில் கிளை கழிக்கும்போது அப்பா விழுந்த அன்று எடுத்த படம் அது.

ஏற்காட்டில் இருக்கும் எங்கள் பல்கலைக்கழக வளாகத்தில் நான் நூலக உதவியாளர். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான சேவைப் பிரிவும் என் பொறுப்புதான். பிரிவு என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வாசலை ஒட்டி ஒரு மேசை, மெத்தை வைத்த நாற்காலி, திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் கணினி ஒன்று. பார்வையில்லாத மாணவர்கள் அங்கே வந்து உட்கார்ந்து புத்தகத்தின் பெயரைச் சொன்னால் போதும், நான் உள்ளே போய் எடுத்து வந்து கையில் கொடுப்பேன். ஒருவரையும் இரண்டு நிமிடத்துக்குமேல் காக்க வைத்ததில்லை. இப்படி உட்கார வைத்து உபசாரம் செய்வது வேறெந்த நூலகத்தில் நடக்கிறது என்று எனக்கு ஏகப்பட்ட மிதப்பு.

அந்த மிதப்பை இறக்கியவள் வரலாறு படிக்க வந்த, மஞ்சக்குட்டை கிராமத்துப் பெண். பிறவியிலேயே பார்வை கிடையாது. அம்மா காப்பித் தோட்டத்தில் பழம் பறிப்பவர். சேலத்தில் பார்வையற்றோர் பள்ளி விடுதியில் தங்கிப் படித்துவிட்டு மலைக்குத் திரும்பியிருந்தாள். முதல் மாதம் முழுக்க அந்த மெத்தை நாற்காலியில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தவள், ஒருநாள் தானே அலமாரிகளுக்குள் போக வேண்டும் என்றாள். கைப்பேசியை ஒரு பக்கத்தின் மேல் காட்டினால் அது படித்துச் சொல்லிவிடும், தமிழைக் கொஞ்சம் கடித்துத் துப்பினாலும் தனக்குப் புரியும் என்றாள். அதுதான் நான் கேட்டதையெல்லாம் எடுத்துத் தருகிறேனே, உள்ளே என்ன வேலை என்று கேட்டேன்.

"நீங்க கொண்டாந்து குடுக்கறது நான் கேட்டதுங்கக்கா. எனக்கு என்னென்ன புடிக்கும்னு எனக்கே தெரியாதுங்களே, அதை எப்பிடிப் பேரு சொல்லிக் கேக்கறது?"

நானெல்லாம் நூலகத்தில் ஒன்றைத் தேடப் போய் பக்கத்தில் இருந்த இன்னொன்றை எடுத்து வந்துதான் படிப்பாளி ஆனேன். நூலகர் சாரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர், ஆனால் பயந்த சுபாவம். நடைபாதை குறுகல், ஏணி நிற்கும், விழுந்து வைத்தால் யார் பதில் சொல்வது என்றார். நான் விடாமல் நச்சரிக்கவே, ஒரு வழி சொன்னார். அலமாரிகளில் பிரெயில் பட்டைகள் ஒட்ட வேண்டும். கோடை விடுமுறை முடிந்ததும் சேவைகளைப் பார்வையிட ஒரு குழு வரும். அவர்கள் முன்னால் அவள் தனியாக உள்ளே போய் ஒரு புத்தகத்தை எடுத்து வந்துவிட்டால், பிறகு எப்போது வேண்டுமானாலும் போகலாம். முடியாவிட்டால் பழையபடி மேசைதான்.

விடுமுறையில் பிரெயில் தாள்கள் கீழே சேலத்தில் அச்சாகிக் கட்டாக வந்தன. ஏற்காட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும், மழைக்காலத்தில் பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். காகிதமெல்லாம் நமத்த அப்பளம்தான். அதனால் நாங்கள் எதையும் லாமினேஷன் போடாமல் விடுவதில்லை. எங்கள் வீட்டில் ரேஷன் கார்டிலிருந்து பையனின் நீச்சல் சான்றிதழ் வரை எல்லாமே பிளாஸ்டிக் உறைக்குள்தான். அந்த வருடம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்து, ஒவ்வொரு பட்டையையும் சூடான லாமினேஷன் மெஷினுக்குள் விட்டு எடுத்தேன். கண்ணாடிபோலப் பளபளவென்று வந்தன. வரிசையாக ஒட்டிவிட்டு, எட்ட நின்று பார்த்து நானே மெச்சிக்கொண்டேன்.

விடுமுறை முடிந்த வாரமே குழு வந்துவிட்டது. மூன்று பேர், பக்கத்தில் நூலகர் சார். அவள் அன்று காலைதான் மஞ்சக்குட்டையிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கியிருந்தாள். வரலாற்று அலமாரியைத் தேடிக் கோலைத் தட்டிக்கொண்டு முதல் வரிசைக்குள் போய், விளிம்பைத் தடவினாள். திரும்பத் தடவினாள். அடுத்த அலமாரிக்குப் போய் அதையும் தடவினாள். பதற்றத்தில் தடுமாறுகிறாள் என்று நினைத்து, அருகில் போய்க் காதோடு, "இன்னும் ரெண்டு தள்ளி, சோத்துக்கை பக்கம் கண்ணு" என்றேன். அவள் நகரவில்லை. எல்லோர் முன்னிலையிலும் என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, இதுல ஒண்ணுமே எழுதலீங்களே?"

"எழுதியிருக்குது கண்ணு. புள்ளி புள்ளியா எனக்குத் தெரியுதே."

"கண்ணுக்குத் தெரியுதுங்களா? கைக்கு வழவழன்னு இருக்குதுங்க."

வந்தவர்களில் ஒரு அம்மாள் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஹீட்ல எல்லாம் அமுங்கிருச்சு" என்றார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. நாற்பது அலமாரிக்கும் என் கையாலேயே எழுத்தை இஸ்திரி போட்டு அழித்திருக்கிறேன். சார் என்னைப் பார்த்த பார்வையில் நான் கூனிக் குறுகிப் போனேன். அவளை மறுபடி மெத்தை நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள்.

உண்மையைச் சொல்வதென்றால், எனக்கு அவள் மேல்தான் கோபம் வந்தது. இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்தான் காதோடு சொன்னேனே, போய் எடுத்திருந்தால் அவளுக்கும் காரியம் ஆகியிருக்கும், என் மானமும் தப்பியிருக்கும். மூன்றாம் நாள் அவளே என் மேசைக்கு வந்தாள்.

"கோவமாட்ட இருக்குதுங்க. நீங்க சொல்லி நான் எடுத்திருந்தா எல்லாரும் கை தட்டியிருப்பாங்க. அடுத்த வருசம் வர்ற புள்ளை இதே வழவழப்பத் தடவிக்கிட்டு நிக்குமுங்களே. அப்ப நீங்க இல்லீன்னா யாருங்கக்கா காதுல சொல்றது?"

தவறு என்னுடையது, நேர்மை அவளுடையது. அதை ஒப்புக்கொள்ள எனக்கு மூன்று நாள் ஆகியிருக்கிறது. "மன்னிச்சுக்க கண்ணு" என்றேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், "பழைய எக்ஸ்ரே தாள் கெடைக்குங்களா?" என்று கேட்டாள். அவர்கள் பள்ளியில் கெட்டியான தாள் இல்லாதபோது அதில்தான் பிரெயில் எழுத்தைக் குத்துவார்களாம். ஈரத்துக்கு அசையாதாம், புள்ளியும் அமுங்காதாம்.

அன்று மாலையே நாகலூருக்கு பஸ் ஏறினேன். பீரோவுக்கு மேலிருந்த உறையை அப்பாவே எடுத்துக் கொடுத்தார். "என்ற காலு பள்ளிக்கோடத்துப் பக்கமே போனதில்ல சாமி. இப்ப நேரா காலேஜுக்குப் போகுது பாரு" என்று சிரித்தார். வாட்ச்மேன் நெஞ்சைக் கொடுத்தார், விடுதிச் சமையல்கார அக்கா முழங்கையைக் கொடுத்தார். மதியச் சாப்பாட்டு நேரங்களில் அவள் பிரெயில் சட்டத்தில் தாளைச் செருகி, ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்துவாள். பின்பக்கம் குத்தினால்தான் முன்பக்கம் புள்ளி எழும்பும் என்பதால் எல்லாமே தலைகீழாகப் போகும். அவள் ஒன்றில்கூடத் தவறவில்லை. நான் நறுக்கி, கை வைக்கும் உயரத்தில் ஒட்டினேன். இந்த முறை ஒட்டுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் அவளிடம் காட்டி, சரி என்ற பிறகுதான் ஒட்டினேன்.

குழு எதுவும் இல்லாமலேயே சார் அனுமதி கொடுத்தார், மனசு கேட்காமல் பின்னாலேயே பூனைநடை போட்டுக்கொண்டும் போனார். "சார், உங்க செருப்பு சத்தம் போடுதுங்க" என்றாள் அவள், திரும்பாமலேயே. சார் அசடு வழியத் திரும்பி வந்தார். கால் மணி கழித்து அவள் எங்கள் மலையைப் பற்றிய ஒரு தடித்த புத்தகத்தோடு வெளியே வந்தாள். அப்படி ஒன்று எங்களிடம் இருப்பது எனக்கே தெரியாது.

இப்போது அவள் கீழே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவி. இங்கே பார்வையில்லாத மூன்று பேர் படிக்கிறார்கள், மூவரும் தாங்களாகவே உள்ளே போய் வருகிறார்கள். மெத்தை நாற்காலியில் பெரும்பாலும் நான்தான் உட்காருகிறேன். வெளியூர் நூலகங்களிலிருந்து வந்து பட்டைகளைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். கேட்பவர்களுக்கு லாமினேஷன் கதையையும் சேர்த்தே சொல்கிறேன். எனக்கு இதிலெல்லாம் பெருமைதான், மறைக்கவில்லை. ஆனால் நெஞ்சு நிறைந்தது வேறொரு நாள்.

அவளுடைய கடைசி வருடம். நூலகம் சாத்தும் பெல் அடித்தேன், எல்லோரும் போனார்கள், அவளைக் காணவில்லை. கூப்பிட்டேன், சத்தமில்லை. விழுந்து கிடக்கிறாளோ என்று வரிசை வரிசையாக ஓடினேன். கடைசி வரிசையில், தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். காதில் இயர்போன், சுற்றிலும் பத்துப் பதினைந்து புத்தகங்கள் இறைந்து கிடந்தன, மடியில் ஒன்று. நேரம் போனது தெரியாமல் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்ததே கோபம்.

"காது என்ன அடைச்சா போச்சு? பெல் அடிச்சு எத்தனை நேரமாச்சு! எடுத்ததையெல்லாம் இப்பிடியா தரையில பரப்புவ? இதையெல்லாம் எவ அடுக்கறது? எந்திரி முதல்ல!"

அவள் இயர்போனைக் கழற்றிவிட்டு, "மணி ஆயிருச்சுங்களா? நெசமாவே தெரியலீங்கக்கா" என்று பரபரவென்று புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினாள். சத்தம் கேட்டு ஓடி வந்த சார், திகைத்து நின்றுவிட்டார்.

"ஏனுங்க, இந்தப் புள்ளையவா திட்டறீங்க?"

"ஆமாங்க சார். எல்லாப் புள்ளைகளையும் திட்டறன், இவளை மட்டும் எதுக்குங்க விட்டு வெக்கறது?"